பூனை வாழும் வீட்டுக்கு நாய்க்குட்டி வருமுன்

நாய்க்குட்டிக்குப் புது வீட்டில் எல்லாமே புதிது; பூனையும் அவற்றில் ஒன்று. பூனைக்கோ எல்லாமே பழையது, தன்னுடையது. அதன் நடுவில் திடீரென்று ஒரு நாய் முளைக்கிறது. அதனால் ஏற்பாடுகளில் முக்கால்வாசி பூனைக்காகத்தான். குட்டிக்கு வேண்டிய தட்டு, படுக்கை, கயிறு எல்லாவற்றையும் ஒரு மாலையில் வாங்கி முடித்துவிடலாம். பூனையின் இடங்களை மாற்றியமைக்கக் குறைந்தது மூன்று வாரம் பிடிக்கும்.

மூன்று வாரம் எதற்கு என்றால், பூனை ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தைத்தான் செரிக்கும். சாப்பாட்டுத் தட்டு இடம் மாறியது, லிட்டர் பெட்டி (பூனை மலமும் சிறுநீரும் கழிக்கும் மண் பெட்டி) வேறு அறைக்குப் போனது, வாசலில் ஒரு கேட் வந்தது, எங்கும் நாய் வாடை அடிக்கிறது: இத்தனையும் ஒரே நாளில் நடந்தால் மொத்தத்தையும் குட்டியின் கணக்கில் எழுதிவிடும். அந்தக் கணக்கைத் திருத்துவதற்குப் பல மாதம் ஆகும். மாற்றங்கள் முன்பே நடந்து, பழகி, அலுத்தும் போன பிறகு குட்டி வரட்டும்.

வரைபடத்தில் தொடங்குங்கள்

ஒரு தாளில் வீட்டைத் தோராயமாக வரையுங்கள். பூனை சாப்பிடும் இடம், தண்ணீர் குடிக்கும் இடம், லிட்டர் பெட்டி, தூங்கும் இடம், வேடிக்கை பார்க்கும் ஜன்னல் ஆகிய ஐந்தையும் குறியுங்கள். குட்டி நடமாடப்போகும் தரையைப் பென்சிலால் நிழலிடுங்கள். இப்போது ஒரே கேள்விதான்: அந்த ஐந்து இடங்களில் எதிலிருந்து எதற்குப் போவதானாலும் நிழலிட்ட தரையை மிதிக்காமல் பூனை போய்ச்சேர முடிகிறதா? பெரும்பாலான வீடுகள் இந்தச் சோதனையில் லிட்டர் பெட்டியில்தான் தோற்கும்.

தரை குட்டிக்குப் போனால் பூனைக்கு உயரம் வேண்டும். அலமாரியின் மேல்தட்டு, புத்தக அடுக்கின் உச்சி, சுவரில் பொருத்திய பலகைகள் என்று இருப்பதை இணைத்தே ஒரு மேல்வழி அமைக்கலாம். பலகையின் அகலம் 25 முதல் 30 செ.மீ. இருந்தால் பூனை அதில் திரும்பவும் படுக்கவும் முடியும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 35 முதல் 45 செ.மீ. இடைவெளி போதும். பத்து வயது தாண்டிய பூனைக்கு மூட்டு வலி இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு 20 செ.மீ. படிகள் வேண்டும். இல்லாவிட்டால் மேலே போன பூனை கீழே இறங்கத் தயங்கி அங்கேயே சிறுநீர் கழித்துவிடும். உட்காரும் இடம் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். வளர்ந்தால் பெரிதாகும் இனத்துக் குட்டி என்றால் 1.5 மீட்டருக்குக் குறைக்காதீர்கள். வழுக்கும் பலகையில் பழைய கம்பளத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். அவசரத்தில் பாயும்போது நகம் பிடிக்க ஏதாவது வேண்டும். நான்கு ஐந்து கிலோ எடையுள்ள பூனை தாவி இறங்கும்போது பலகையில் அதைப்போலப் பல மடங்கு அழுத்தம் விழும். பொருத்திய பிறகு இரண்டு கைகளையும் ஊன்றி உங்கள் எடையைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஒருமுறை ஆடிய பலகையில் பூனை மறுபடி ஏறாது.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: ஒவ்வொரு உயரத்துக்கும் இறங்க இரண்டு வழி. ஒரே வழி இருக்கும் உயரத்தைப் பொறி என்றுதான் சொல்ல வேண்டும். குட்டி கீழே உட்கார்ந்து குரைத்தால் பூனை மணிக்கணக்கில் மேலேயே கிடக்கும். அடக்கி அடக்கி வைத்திருந்து கடைசியில் நகத்தை நீட்டிக்கொண்டு குட்டியின் முகத்தில்தான் இறங்கும்.

கேட்டும் அரைத்திறப்புக் கதவும்

சிறு குழந்தைகளுக்காகப் படிக்கட்டில் போடும் கேட்டே போதும். கம்பி இடைவெளி 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் சின்ன இனத்துக் குட்டி தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளும். கீழ்ப்பாதியில் பிளாஸ்டிக் வலை ஒன்றை இறுக்கிக் கட்டிவிடுங்கள். பூனைக்கென்று சிறு திறப்பு வைத்த கேட்டுகளும் கிடைக்கின்றன. பார்க்க வசதியாகத் தெரியும், ஆனால் அந்தத் திறப்பில் இரண்டு மாதக் குட்டியும் சுலபமாக நுழையும். குட்டி வளரும் வரை திறப்பை மூடிவைத்து, பூனை தாண்டிக் குதிக்கட்டும். தாண்ட முடியாத கிழட்டுப் பூனைக்குப் பூனையின் பக்கத்தில் ஒரு முக்காலி போடுங்கள். குட்டியின் பக்கத்தில் போட்டால் அதில் முதலில் ஏறுவது குட்டிதான்.

பெரிய இனத்துக் குட்டி என்றால் இன்னும் எளிய வழி உண்டு. பூனையின் அறைக் கதவை 8 முதல் 10 செ.மீ. திறந்த நிலையில் கொக்கியும் நாடாவும் போட்டு நிறுத்திவிடுங்கள். தலை நுழைந்தால் பூனையின் உடலும் நுழைந்துவிடும், நாயின் மண்டை நுழையாது. எவ்வளவு திறந்தால் சரி என்பதைப் பூனையை வைத்துப் பாருங்கள். கொழுத்த பூனைக்கு அளவு கூடும்.

கேட்டைக் குட்டி வருவதற்குப் பத்து நாள் முன்பே மாட்டுங்கள். முதல் இரண்டு நாள் திறந்தே கிடக்கட்டும். பூனை கண்டுகொள்ளாமல் நடந்துபோகத் தொடங்கியதும் மூடி வையுங்கள்.

லிட்டர் பெட்டி

இதற்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. தவறினால் வீடு முழுக்க நாறும். நாய்க்குட்டிகளுக்குப் பூனையின் மலம் பிடித்தமான தின்பண்டம். அருவருப்பு ஒருபுறம் இருக்கட்டும், அதோடு சேர்த்து விழுங்கும் மண்தான் ஆபத்து. ஈரம் பட்டால் கட்டியாகும் பெண்டோனைட் என்ற களிமண் வகை லிட்டர் குட்டியின் குடலில் போய் இறுகி அடைத்துக்கொள்ளலாம். குடற்புழு முட்டைகளும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் இதே வழியாகப் பரவும். மரத்தூள் அல்லது காகித உருண்டை லிட்டருக்கு மாறலாம், ஆனால் ஒரேயடியாக மாற்றக் கூடாது. முதல் நாள் நான்கில் ஒரு பங்கு கலந்து, பத்துப் பன்னிரண்டு நாளில் முழுதாக மாற்றுங்கள்.

நாய்க்குப் பயந்து மூடியுள்ள பெட்டியை வாங்குவது பலர் செய்யும் தவறு. உள்ளே இருக்கும் பூனைக்கு வெளியே யார் வருகிறார்கள் என்று தெரியாது, ஒரேயொரு வாசல், அந்த வாசலில் ஒரு ஈர மூக்கு காத்திருக்கும். இது இரண்டு தடவை நடந்தால் பூனை சோபாவின் பின்புறத்தைத் தேர்ந்தெடுத்துவிடும். திறந்த பெட்டி, கேட்டுக்கு அந்தப் பக்கம், பூனைக்கு அறை வாசல் தெரியும்படி: இதுதான் சரியான ஏற்பாடு. எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூடுதலாகப் பெட்டி வையுங்கள், இரண்டும் ஒரே மூலையில் இருக்கக் கூடாது.

பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புது அறையில் வைக்காதீர்கள். புது இடத்தில் இரண்டாவது பெட்டி ஒன்றை வைத்து, பழைய பெட்டியின் மண்ணில் ஒரு கைப்பிடி அதில் தூவுங்கள். பூனை புதியதை ஒரு வாரம் தொடர்ந்து பயன்படுத்திய பிறகு பழையதை எடுங்கள். அடுத்த அறைக்குத்தான் நகர்த்த வேண்டும் என்றால் நாளுக்கு 30 செ.மீ. அளவில் நகர்த்தலாம்.

சாப்பாடு

பூனையின் தட்டு மேலே போக வேண்டும். குறைந்தது 1 மீட்டர் உயரத்தில், லிட்டரிலிருந்து விலகி, தண்ணீர்க் கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பூனை உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம். குட்டி அதைத் திருடித் தின்றால் வயிற்றுப்போக்கு வரலாம். மறுபக்கம், பூனை நாய் உணவைத் தினம் தின்று பழகினால் அதற்கு அவசியமான டாரின் என்ற சத்து குறைந்துபோய் இதயமும் கண்ணும் கெடும். ஒருநாள் இரண்டு வாய் தின்றதற்குப் பயப்பட வேண்டாம்.

நாள் முழுக்கத் தட்டில் உணவு கிடக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே மூன்று நான்கு வேளையாகப் பிரித்துவிடுங்கள். பின்னால் குட்டியின் வாடையையும் முகத்தையும் சாப்பாட்டு நேரத்தோடு கோக்கப் போகிறோம். எப்போதும் வயிறு நிறைந்த பூனையிடம் அந்த உத்தி எடுபடாது.

மருத்துவ வேலைகள்

பூனையின் தடுப்பூசிகள் நாளதுவரை சரியாக இருக்க வேண்டும். இன்று பரவும் நாய்ப் பார்வோ வைரஸ் வகைகள் பூனையையும் தொற்றக்கூடியவை. குட்டிக்கோ 16 வாரம் வரை தடுப்பூசி வரிசை முடிந்திருக்காது. இரண்டுக்கும் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். குட்டிக்கு எட்டு வார வயதுக்குப் பிறகு மாதம் ஒருமுறை என்று ஆறு மாதம் வரை தொடரும் முறைதான் வழக்கம். குட்டியின் தோலில் வட்டமாக முடி உதிர்ந்த திட்டு தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். மருத்துவர் பார்க்கும் வரை பூனையின் படுக்கையோடு அதன் படுக்கையைச் சேர்க்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. நாய்களுக்குப் பின்கழுத்தில் விடும் உண்ணி, தெள்ளு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அதைச் சரிவரச் சிதைத்து வெளியேற்ற முடியாது. ஒரு சொட்டு நேரடியாகப் பட்டாலும், மருந்து காயாத நாயோடு உரசிப் படுத்தாலும், நாயை நக்கினாலும் பூனைக்கு உடல் நடுக்கம், வலிப்பு, மரணம் வரை போகலாம். மருந்து வாங்கும்போதே வீட்டில் பூனை இருப்பதை மருத்துவரிடம் சொல்லிப் பெர்மெத்ரின் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். பெரிய நாயின் மருந்தில் பாதியைப் பூனைக்கு விட்டால் என்ன என்ற யோசனை பலருக்கு வரும். இந்த விஷம் பூனைக்குப் போய்ச் சேரும் பொதுவான வழியே அதுதான்.

குட்டி வருவதற்கு முதல் நாள் பூனையின் நக நுனியை வெட்டிவிடுங்கள். உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதிக்கு 2 மி.மீ. முன்னால் நிறுத்துங்கள். பூனையை நிராயுதபாணி ஆக்குவதற்காக இல்லை; ஒரே ஓர் அடியில் குட்டியின் கருவிழி கிழிந்துவிடாமல் இருக்கத்தான். கண் துருத்திய, மூக்கு சப்பையான இனங்களுக்கு இது இன்னும் முக்கியம். கண்ணில் கீறல் பட்டுக் குட்டி கண்ணைச் சுருக்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வாடைப் பரிமாற்றம்

குட்டி இருக்கும் இடத்தில் ஒரு வாரம் முன்பே ஒரு பருத்தித் துணியைக் கொடுத்துவைத்து, அதன் மேல் குட்டி தூங்கிய பிறகு வாங்கி வாருங்கள். அதைப் பூனையின் படுக்கையில் போடாதீர்கள். பூனையின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். பூனை மோந்துவிட்டு வந்து சாப்பிட்டால் அடுத்த வேளை அரை மீட்டர் நெருக்குங்கள். சீறினாலோ சாப்பாட்டை விட்டு விலகினாலோ பழைய தூரத்துக்கே திரும்புங்கள். அதேபோல இன்னொரு துணியால் பூனையின் கன்னத்தை மெல்லத் தேய்த்து எடுங்கள். அங்கேதான் அதன் 'இது என் இடம்' சுரப்பிகள் இருக்கின்றன. இந்தத் துணி குட்டியின் கூண்டுக்குப் போகட்டும். குரைப்பொலியைத் தொலைபேசியில் அரைகுறையாகக் கேட்கும் அளவில் வைத்து, பூனை சாப்பிடும்போது இரண்டு நிமிடம் ஓடவிடுவதும் உதவும்.

பூனையை அமைதிப்படுத்தும் வாடைப்பொருளை (ஃபெரோமோன்) வெளியிடும், சுவர் பிளக்கில் மாட்டும் கருவி சில பூனைகளிடம் பலன் தருகிறது, சிலவற்றிடம் ஒன்றும் நடப்பதில்லை. வாங்குவதானால் ஒரு வாரம் முன்பே மாட்டுங்கள். மேல்வழிக்கும் கேட்டுக்கும் பதிலாக இதை நம்பக் கூடாது.

குட்டி வரும் நாள்

கதவு திறக்கும் முன் பூனை அதன் அறையில் இருக்க வேண்டும். குட்டியை வெளியிலேயே சிறுநீர் கழிக்கவைத்துவிட்டு, நேராக அதன் பகுதிக்குக் கொண்டுபோங்கள். அன்று அறிமுகம் கிடையாது. வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஆசையாக இருக்கும், கைகளில் கேமராவும் இருக்கும், இருந்தாலும் கிடையாது. 'முதல் கோணல் முற்றும் கோணல்' என்பது இந்த விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து உண்மை. முதல் சந்திப்பிலேயே பூனை ஓடி, குட்டி துரத்திவிட்டால், துரத்துவது எவ்வளவு ஆனந்தம் என்று குட்டி ஒரே தடவையில் கற்றுக்கொள்கிறது. அந்த ஆனந்தத்துக்கு ஈடான தின்பண்டம் எதுவும் இல்லை.

மூன்றிலிருந்து ஏழு நாள் வரை மூடிய கதவு. கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு கொடுத்து, தட்டுகளை வேளைக்கு வேளை நெருக்குங்கள். தினம் ஒருமுறை இடம் மாற்றுங்கள்: குட்டி கூண்டில் தூங்கும்போது பூனை வீட்டைச் சுற்றி வரட்டும். குட்டிகள் நாளுக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்கும் என்பதால் இதற்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும். பூனை கதவருகே இயல்பாகச் சாப்பிட்டு, அங்கேயே உட்கார்ந்து முகம் கழுவும் நிலை வந்தால் அடுத்த கட்டம்.

அடுத்த கட்டம் கேட். முதல் நாள் அதன்மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, கீழே 10 செ.மீ. மட்டும் தெரியவிடுங்கள், தினம் கொஞ்சம் தூக்குங்கள். குட்டிக்கு மார்புப்பட்டை போட்டு, 2 மீட்டர் கயிற்றில் பிடித்து, கேட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்காருங்கள். குட்டி பூனையைப் பார்த்ததும் 'சரி' என்பது போல ஒரே சொல்லைச் சொல்லி, பட்டாணி அளவுத் தின்பண்டம் ஒன்றைக் கொடுங்கள். பத்து இருபது தடவைக்குப் பிறகு, பூனையைப் பார்த்த குட்டி தானாகவே உங்களைத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பல்தான் இந்தப் பயிற்சியின் மொத்தப் பலன். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு நான்கு தடவை போதும். தின்பண்டத்தை வாங்காமல் குட்டி வெறித்துப் பார்த்தால் தூரம் போதவில்லை என்று பொருள். ஒரு மீட்டர் பின்வாங்குங்கள்.

ஒரே அறையில் சந்திக்கவிடும் நாளில் குட்டி முன்பே ஓடியாடிக் களைத்திருக்கட்டும், கயிறு தளர்வாக இருக்கட்டும், பூனை வரவும் போகவும் சுதந்திரமாக இருக்கட்டும். பூனையைக் கையில் தூக்கிவைத்துக்கொண்டு காட்டாதீர்கள்: அது தப்பிக்கும் வழியில் உங்கள் முகம் இருக்கிறது. பூனையைக் கூடைக்குள் அடைத்துவைத்துக் குட்டியை மோக்கவிடுவதும் அதே அளவு கெட்ட யோசனை.

இரு மொழிகள்

குட்டி வாலாட்டுகிறது, பூனையும் வாலாட்டுகிறது. முன்னது உற்சாகம், பின்னது 'இன்னும் ஒரு அடி வைத்துப்பார்'. குட்டி முன்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாட அழைக்கிறது; பூனைக்கு அது பாய்ச்சலுக்குத் தயாராகும் கோலம். மல்லாந்து படுத்த நாய் பணிகிறது. நாய்க்கு முன்னால் மல்லாந்த பூனை நான்கு கால் நகங்களையும் தயாராக வைத்திருக்கிறது.

பூனை சீறுவதைக் கண்டிக்காதீர்கள். சீறல் எச்சரிக்கை; எச்சரிக்கையை அடக்கினால் அடுத்த முறை அடி நேராக விழும். நகம் நீட்டாமல் ஒரு தட்டுத் தட்டி, குட்டி பின்வாங்கினால் பாடம் நல்லபடியாக நடந்திருக்கிறது. காது தட்டையாகப் படிந்து, கண்மணி விரிந்து, உடல் தரையோடு ஒட்டியிருந்தால் அன்றைக்கு அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். குட்டியின் பக்கம் கவலைப்பட வேண்டியது ஓசையில்லாத நிலை: உடல் விறைத்து, வாய் மூடி, இமைக்காமல் பார்ப்பது. குதித்துக் குரைக்கும் குட்டியைவிட இப்படி உறைந்து நிற்கும் குட்டியிடம்தான் வேட்டை எண்ணம் அதிகம். துரத்தவும் பிடிக்கவும் என்றே வளர்த்தெடுக்கப்பட்ட டெரியர், கிரேஹவுண்ட் வகை இனங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். குட்டியை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், பூனை இருக்கும் வீட்டில் பிறந்து வளர்ந்த குட்டியைத் தேடுங்கள்.

பூனையிடம் கவனிக்க வேண்டியவை

மன அழுத்தம் பல நேரம் பூனையின் சிறுநீர்ப்பையில் தெரியும். அடிக்கடி பெட்டிக்குப் போவது, துளித்துளியாகக் கழிப்பது, இரத்தம் கலந்திருப்பது எல்லாம் அறிகுறிகள். ஆண் பூனை முக்கி முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மறுநாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது. அடைப்பு ஒன்றிரண்டு நாளில் உயிரைப் பறித்துவிடும். 24 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடாத பூனையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினியில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், கொழுத்த பூனைகளில் வேகமாகவே. குட்டியின் பகுதியில் பூனை சிறுநீர் கழித்திருந்தால் என்சைம் கலந்த துப்புரவுத் திரவத்தால் துடையுங்கள். அமோனியா கலந்தவை பூனைக்குச் சிறுநீர் வாடையாகவே தோன்றி, அதே இடத்துக்கு மறுபடி அழைக்கும்.

கயிறு கழற்றும் நேரம்

இரண்டு வாரம் தொடர்ந்து துரத்தல் ஒன்றுகூட இல்லை என்றால் கயிற்றைத் தரையில் இழுபட விடலாம். கைப்பிடி வளையத்தை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நாற்காலிக் காலில் மாட்டும். யாராவது கண் வைத்திருக்கும் நேரத்தில் மட்டும். நீங்கள் வெளியே போகும்போது, குட்டி எவ்வளவு சாதுவாக இருந்தாலும், முதல் ஆறு மாதம் கேட் மூடியே இருக்கட்டும். சாயங்காலமும் விடியற்காலையும் பூனை சுறுசுறுப்பாகி வீட்டுக்குள் ஓடும் நேரங்கள். பழகிய நாய்கூட ஓடும் பூனையைக் கண்டால் தன்னை மறந்துவிடும். அந்த வேளைகளில் பூனையோடு அதன் அறையிலேயே பத்து நிமிடம் விளையாடி அதன் வேகத்தைத் தீர்த்துவிடுங்கள். விளையாடிய நூலையும் இறகையும் குட்டிக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி அறுத்துவிடும்.

ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கும் சமயத்தில், வளர்ந்த குட்டி ஒருநாள் மறுபடி துரத்தும். அது விடலைப் பருவம். இப்போது அதன் எடை பூனையைப்போல ஐந்து மடங்கு இருக்கலாம். இரண்டு வாரத்துக்குக் கயிறும் கேட்டும் திரும்ப வரட்டும், மூன்று மீட்டர் தூரத்துப் பயிற்சியும் முதலிலிருந்து தொடங்கட்டும். இந்த முறை முன்பு ஆன நாட்களில் பாதியிலேயே தேறிவிடும்.